மூளையும் அதன் ஆட்சியும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப் பணி ஆற்றி வெள்ளி விழாக் காணும் இம்மேடையில், மனித மூளையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். நான் மருத்துவன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஆயினும் ஆசிரியன் நாள்தோறும் கையாளும் பொருள் மாணவனின் மூளையே அன்றோ? அவ்வுரிமையில் பேச முற்படுகிறேன்.

இத்தலைப்பு நமக்கு வேண்டியதே என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. "உங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்னும் சொல்லை நம் பாட்டனார் கேட்டனர், தந்தையர் கேட்டனர், இங்கு அமர்ந்திருப்போரில் சிலரும் கேட்டிருக்கலாம். அச்சொல் மூளையைப் பற்றிய ஒரு கூற்று. அது மெய்யா, பொய்யா என்பதை அறிவியலைக் கொண்டே சோதித்தல் தகும். இது முதற்காரணம். மூளைக்கு ஊறு நேர்ந்தால் உடலின் இயக்கமும் புலனுணர்வும் எங்ஙனம் மாறுகின்றன என்பதை அறியாமையால், காப்பாற்றக்கூடிய உயிர்களையும் கைகால்களையும் நாம் இழந்து வருகிறோம். இது இரண்டாம் காரணம்.

மூளையின் அமைப்பு

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. உடலின் எடையில் அது ஐம்பதில் ஒரு பங்கே. ஆனால் நாம் உட்கொள்ளும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை அது தனக்கெனப் பெறுகிறது. அதனுள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. குருதி ஓட்டம் சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் இவ்வணுக்கள் மடியத் தொடங்கும்.

பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என அதனை மூன்றாகப் பகுத்துக் காணலாம். பெருமூளை வலம், இடம் என இரு அரைக்கோளங்களாக அமைந்துள்ளது. ஒவ்வொன்றிலும் நெற்றிப்புறம், உச்சி, பொட்டுப்புறம், பிடரி என நான்கு மடல்கள் உண்டு. பிடரிக்கு மேலே, பெருமூளையின் அடியில் சிறுமூளை இருக்கிறது. மூளைத்தண்டு மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கிறது. அதன் கீழ்ப்பகுதியாகிய முகுளத்தில்தான் மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் மையங்கள் உள்ளன. பெருமூளையிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் நரம்பிழைகளுள் பெரும்பாலானவை முகுளத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்கின்றன. ஆகவே இட மூளை வலக் கைகால்களையும், வல மூளை இடக் கைகால்களையும் ஆள்கின்றன. இடப்பக்க மூளையில் அடைப்பு ஏற்பட்டால் வலப்பக்கம் செயலிழப்பது இதனாலேயே.

தொழிலாளி ஒருவர் கற்பித்த பாடம்

மூளையின் இன்ன பகுதிக்கு இன்ன வேலை என்பதை உலகிற்கு ஐயமறக் காட்டியவர்களுள் முதல்வர் ஓர் ஏழைத் தொழிலாளி. லெபோர்ன் என்பது அவர் பெயர். பிரான்சு நாட்டவர். காலணி செய்வோர்க்கு வேண்டிய மர அச்சுகளைச் செய்வது அவர் தொழில். இளமை முதலே வலிப்பு நோய் உடையவர். முப்பதாம் அகவையில் பேச்சை இழந்து, பாரீசு நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்ற ஓரசை மட்டுமே அவர் வாயினின்று வரும். அங்கிருந்தோர் அவர் பெயரையே டான் என்று ஆக்கிவிட்டனர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின் அவருடைய வலக்கை வலுவிழந்தது. பின்னர் வலக்காலும் செயலிழந்தது.

1861-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பால் பிரோக்கா என்னும் அறுவை மருத்துவர் அவரைக் கண்டார். "நீர் இங்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின?" என்று வினவினார். லெபோர்ன் தம் இடக்கையை நான்கு முறை விரித்துக் காட்டினார். பின்னர் ஒரு விரலை மட்டும் நீட்டினார். நான்கு ஐந்து இருபது; ஒன்று சேர்த்தால் இருபத்தொன்று. விடை மிகச் சரி! வாயடைத்துப் போன அம்மனிதரின் உள்ளே கணக்கும் நினைவும் கேள்வியறிவும் குன்றாதிருந்தன. சொல்லை உருவாக்கி வெளியிடும் ஆற்றல் மட்டுமே அழிந்திருந்தது.

சில நாட்களில் லெபோர்ன் இறந்தார். பிரோக்கா அவர் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க நெற்றி மடலின் பின்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். அப்பகுதி இன்றளவும் 'பிரோக்கா பகுதி' என்றே வழங்குகிறது. சிதைவு மெல்லப் பரவியதால்தான் பேச்சைத் தொடர்ந்து கையும், கையைத் தொடர்ந்து காலும் வீழ்ந்தன. அம்மூளை இன்றும் பாரீசில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. காலணித் தொழிலைச் சார்ந்து வாழ்ந்த ஒருவரின் மூளை, உலக மருத்துவர் அனைவர்க்கும் பாடநூலாயிற்று என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இயக்கம்

அடுத்து, இயக்கத்தைக் காண்போம். இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், வலிப்பு நோயாளிகள் சிலரிடம் ஓர் ஒழுங்கைக் கண்டார். துடிப்பு முதலில் கட்டைவிரலில் தோன்றும். பிறகு கைக்கும் தோளுக்கும் ஏறும். பின்னர் முகத்திற்குச் செல்லும். அப்படியாயின் மூளையில் கைக்கு ஓரிடமும், அதனை அடுத்து முகத்திற்கு ஓரிடமும் வரிசையாக அமைந்திருத்தல் வேண்டும் என அவர் உய்த்துணர்ந்தார். 1870-இல் செருமானியராகிய ஃபிரிட்சும் ஹிட்சிக்கும் நாயின் மூளைப் புறணியில் சிறிய மின்னோட்டம் செலுத்தி, எதிர்ப்பக்கக் கால் அசையக் கண்டனர். கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையைத் தொட்டுத் தொட்டு இயக்கத்தின் வரைபடத்தையே உருவாக்கி, 1937-இல் வெளியிட்டார். அவ்வரைபடத்தில் முதுகுக்கும் தொடைக்கும் சிற்றிடமே. கைவிரல்களுக்கும் உதடு, நாக்கு ஆகியவற்றுக்கும் பேரிடம். நுட்பமான வேலையைச் செய்யும் உறுப்பே மூளையில் மிகுதியான இடம் பெறுகிறது. நெய்யும் கையும், தோல் தைக்கும் கையும், பறையடிக்கும் கையும் வெறுங்கைகள் அல்ல. அவற்றின் பின்னே மூளையின் பெரும் பரப்பு பணி செய்கிறது. கைத்தொழிலை அறிவற்ற தொழில் என்று இகழ்வோர் இதனை அறியார்.

ஆணையிடுவது பெருமூளை எனில், அவ்வாணை பிசகாது நடைபெறச் செய்வது சிறுமூளை. முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட படைவீரர்களை கார்டன் ஹோம்ஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். சிறுமூளையில் காயம்பட்டோர்க்குக் கைகால்கள் விளங்காமற் போகவில்லை. ஆனால் கை குறியைத் தாண்டிச் சென்றது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. இவை மது அருந்தியவனின் நடையையும் பேச்சையும் நினைவூட்டுகின்றன அல்லவா? மது சிறுமூளையைத் தாக்குவதே காரணம். ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களில் சிலர்க்கு அத்தள்ளாட்டம் போதை தெளிந்த பின்னும் நீங்குவதில்லை. ஏனெனில் சிறுமூளையே சுருங்கிவிடுகிறது.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதமும் இங்குக் கருதத் தக்கது. மூளைத்தண்டின் மேற்பகுதியில் கருநிறமான ஒரு சிறு பகுதி உள்ளது. டோபமின் என்னும் பொருளை அதன் அணுக்கள் சுரக்கின்றன. அவை மடிந்தால் கை நடுங்கும், உடல் விறைக்கும், அடியெடுத்து வைப்பதே அரிதாகும். முதியவர் ஒருவர் மெல்ல நடப்பதைக் கண்டு சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். மருந்தால் இந்நோயின் துன்பத்தைப் பெரிதும் குறைக்க இயலும்.

காட்சி

கண்ணால் காண்கிறோம் என்கிறோம். உண்மையில் கண் தகவலை அனுப்புகிறது, காண்பது மூளையே. 1904-05 ஆண்டுகளில் நடைபெற்ற ருசிய-சப்பானியப் போரில் பிடரியில் குண்டு துளைத்தும் உயிர் பிழைத்தோர் பலர். இனோயே என்னும் சப்பானியக் கண் மருத்துவர், உதவித் தொகை வழங்கும்பொருட்டு அவர்களின் பார்வையிழப்பை அளந்தார். கண்கள் நலமாகவே இருந்தன. ஆயினும் பிடரி மடலில் எவ்விடத்தில் காயமோ அதற்கேற்பக் காட்சியில் ஒரு பகுதி இருண்டிருந்தது. 1909-இல் அவர் வெளியிட்ட நூல் பார்வை மையத்தின் வரைபடமாக விளங்கிற்று.

இதனினும் வியப்பானது ஒன்று. 1983-இல் செருமானிய ஆய்வாளர்கள் 43 அகவையுள்ள ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினர். மூளையின் குருதிக் குழாய் அடைப்பால் அவர் அசைவைக் காணும் ஆற்றலை மட்டும் இழந்திருந்தார். நிறம் தெரியும், உருவம் தெரியும், அசைவு தெரியாது. கிண்ணத்தில் தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பது போலத் தோன்றும். நிரம்புவது தெரியாமல் வழிந்துவிடும். தொலைவில் நின்ற வண்டி, மறுகணம் அருகில் நிற்கும். இடையில் அது வந்ததைக் காணார். சாலையைக் கடக்கவே அஞ்சினார்.

வல உச்சி மடலில் பாதிப்பு நேர்ந்த சிலர், தட்டில் வலப்பக்கச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு, "இன்னும் பசிக்கிறது" என்பர். இடப்பக்கச் சோறு அப்படியே இருக்கும். முகத்தின் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொள்வர். பார்வைக் குறையன்று இது. உலகின் இடப்பாதியையே மூளை கருத்திற் கொள்ள மறந்துவிடுகிறது. இத்தகையோரை வீட்டார் "வேண்டுமென்றே செய்கிறார்" என்று கடிவது கொடுமை. தட்டைத் திருப்பி வைத்தால் போதும், உண்பார்.

கையை இழந்த பின்னும் அக்கை இருப்பதாகவும் வலிப்பதாகவும் உணர்வோர் உண்டு. இல்லாத கை எங்ஙனம் வலிக்கும்? மூளையில் அக்கைக்குரிய இடம் அழியாதிருப்பதே காரணம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு நடத்திவந்த வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் இதற்கோர் எளிய வழி கண்டார். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு செய்தார். இருக்கும் கையை அசைத்ததும் இழந்த கையும் அசைவதாக நோயாளி கண்டார். சிலர்க்கு இறுக்கமும் வலியும் தணிந்தன.

அறியாமையின் விலை

இனி, நம் தெருவுக்கு வருவோம். ஒருவருக்குத் திடீரென வாய் கோணுகிறது, ஒரு கை தூக்கினால் தாழ்கிறது, பேச்சு குழறுகிறது. இது பக்கவாதம். காற்று சேட்டை என்றும், செய்வினை என்றும் கூறி மந்திரிக்க அழைத்துச் செல்வோர் இன்றும் உள்ளனர். குருதிக் கட்டியால் அடைப்பு ஏற்பட்டிருப்பின், அதனைக் கரைக்கும் ஊசி மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். அடைப்பா, குருதிக் கசிவா என்பதை ஸ்கேன் எடுத்தே அறிய இயலும். ஆகவே அவ்வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே செல்ல வேண்டும். வாயில் கஷாயமோ தண்ணீரோ ஊற்றலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஊர்தி இயங்கி வருகிறது. மந்திரிப்பவர் வீட்டுத் திண்ணையில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும், வாழ்நாள் முழுவதும் செயலற்றுக் கிடக்கும் ஒரு கைக்கு நாம் கொடுக்கும் விலையாகும்.

வலிப்பு நோயும் அத்தகையதே. மூளை அணுக்களில் எழும் மின் கொந்தளிப்பே வலிப்பு. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் அது நிற்பதில்லை. தானே சில நிமிடங்களில் அடங்குகிறது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் காத்தலே முறை. ஐந்து நிமிடங்களைக் கடந்தும் நீடித்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். ஒழுங்காக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழ இயலும். இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்தைச் செல்லாததாக்க வழிவகுத்த காரணங்களுள் வலிப்பும் ஒன்றாயிருந்தது; 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிவிட்டது. சட்டம் விலக்கிய இழிவை நாம் வீட்டில் வைத்துக் காத்தல் தகாது.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். வகுப்பில் ஒரு குழந்தை திடீரெனச் சில வினாடிகள் வெறித்து நோக்கி, அழைத்தாலும் விடையளிக்காமல், பின்னர் ஒன்றும் நிகழாதது போல் எழுதத் தொடங்கும். கவனமின்மை என்று எண்ணிப் பிரம்பை எடுக்காதீர்கள். வலிப்பில் அதுவும் ஒருவகை. ஒரு நாளில் பலமுறை வரும். பாடத்தின் துண்டுகள் நழுவிப் போகும். "மக்கு" என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு வேண்டியது அடியன்று, மருந்து.

இருசக்கர வண்டி ஓட்டும் இளைஞர்களே! தலைக்கவசம் அணிதல் தலைக்காயம் படும் வாய்ப்பை 69 விழுக்காடும், உயிரிழக்கும் வாய்ப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது என ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவனை உருவாக்க ஒரு குடும்பம் இருபது ஆண்டுகள் உழைக்கிறது. அவ்வுழைப்பு முழுவதும் அவன் தலைக்குள் இருக்கிறது. அதனைக் கவசமின்றி நெடுஞ்சாலையில் எடுத்துச் செல்லலாமா?

அடுத்துக் கூறப்போவது, நம் சமுதாயத்திற்கு இழைக்கப்பட்டுவரும் பெருங்கொடுமை. கழிவுநீர்க் குழியில் இறங்கி மாள்வோர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அவர்கள் எங்ஙனம் இறக்கின்றனர் என்பதை மட்டும் சொல்கிறேன். அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவளி அங்கு உண்டு. அளவு குறைவாயின் மூக்கு எச்சரிக்கும். அளவு மிகுந்தாலோ அது முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இடரில்லை என்று மூக்கு பொய் சொல்லும் அந்நொடியே மிகப் பெரிய இடர். அடுத்து நினைவு தப்பும். மூளைத்தண்டிலுள்ள மூச்சு மையம் செயலிழக்கும். ஒருவரைத் தூக்க இறங்கிய இருவரும் சேர்ந்து மடிவது இதனால்தான். பிழைத்தோர்க்கும் நினைவுக் குறையும் இயக்கக் குறையும் நேர்வதுண்டு. இவ்வேலைக்கு மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு பெறுவது உரிமை. இறங்க மறுப்பது அதனினும் பெரிய உரிமை. எவர் பணித்தாலும், எத்துணைக் கூலி கொடுத்தாலும், நம் பிள்ளைகள் எவரும் குழிக்குள் இறங்கலாகாது என்னும் உறுதியை இவ்விழாவில் ஏற்போமாக.

தலையை அளந்தவர்கள்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருகிறேன். லெபோர்னின் மூளையை ஆராய்ந்து அழியாப் புகழ் பெற்ற அதே பிரோக்கா, மண்டையோடுகளை அளப்பதிலும் ஈடுபட்டார். மூளையின் அளவைக் கொண்டு இனங்களையும் ஆண்பெண்களையும் தரம் பிரிக்கலாம் என்று நம்பினார். முதற்பணியில் சான்று முன்னே சென்றது; முடிவு பின்னே வந்தது. இரண்டாம் பணியில் முடிவு முன்னரே இருந்தது. சான்று அதற்கேற்ப வளைக்கப்பட்டது. முதற்பணி நின்றது, இரண்டாவது வீழ்ந்தது.

எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2,012 கிராம். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் மூளையோ ஏறத்தாழ 1,017 கிராம், பாதி அளவு! அறிவு எடையில் இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இந்த அளவுகோல் நம் மண்ணுக்கும் வந்தது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதியினர் பலரின் தலையையும் மூக்கையும் அளந்து பட்டியலிட்டார். வடநாட்டில் ரிஸ்லி என்னும் அதிகாரி, மூக்கின் அகலம் கூடக்கூடச் சாதியின் படி தாழும் என்றார். டாக்டர் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட தீண்டப்படாதோரைப் பற்றிய தம் நூலில், இத்தகைய மூக்களவுகளையே எடுத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனத்தவர் என்னும் கொள்கை நில்லாது என்று நிறுவினார். பகைவர் கையிலிருந்த அளவுகோலைப் பறித்து, அதனாலேயே அவர் பொய்யை அளந்து காட்டினார். கல்வி என்பது இதுவே.

பயிற்சியே மூளையை வளர்ப்பது

மூளை கல்லன்று; பயிற்சியால் மாறும் இயல்புடையது. பக்கவாதத்தால் கை தளர்ந்தோர்க்கு எட்வர்டு டாப் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு முறை வகுத்தார். நல்ல கையைக் கட்டுப்படுத்தி, தளர்ந்த கையையே நாள்தோறும் பல மணி நேரம் வேலை செய்ய வைத்தார். வீணானதென்று விடப்பட்ட கைகள் பல மீண்டும் செயற்பட்டன. மூளையின் வேறு பகுதிகள் அப்பொறுப்பை ஏற்கக் கற்றுக்கொண்டன.

2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நமக்கு மிகவும் நெருக்கமானது. உத்தரப்பிரதேசத்தில் இலக்னோ நகருக்கு அருகிலுள்ள சிற்றூர்களில், எழுத்தறியாத வளர்ந்தோர்க்கு ஆறு திங்கள் இந்தி படிக்கக் கற்பித்தனர். கற்பதற்கு முன்னும் பின்னும் அவர்களின் மூளையைப் படம் எடுத்தனர். மேற்புறணியில் மட்டுமன்றி, மூளையின் ஆழத்திலும் மூளைத்தண்டிலும் மாறுதல் கண்டதாக ஆய்வாளர் அறிவித்தனர். முப்பது அகவை கடந்து ஏடெடுத்தாலும் மூளை இசைந்து கொடுக்கிறது. படிப்பு ஏறாத மூளை என்று ஒரு சாதிக்கு இல்லை. ஏட்டைத் தொடவிடாத ஊர்தான் உண்டு.

லெபோர்னைப் பார்த்தோர் "டான்" என்ற ஓரசையை மட்டுமே கேட்டனர். இருபத்தொன்று என்று அவர் எண்ணிக் காட்டியதோ, ஒருவர் அவரிடம் வினாத் தொடுத்தபோது. பேசாதவர்க்கு அறிவில்லை என்று எண்ணுவது உலகின் பழம்பிழை. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணி, எவரும் வினவாது விட்ட பிள்ளைகளை அழைத்து வினவுவதேயாகும். அப்பணி இன்னும் ஓங்குக.

மூளையைக் காப்பீர், நோயை நோயென்றே அறிந்து மருத்துவரை நாடுவீர், குழிக்குள் இறங்க மறுப்பீர், படிப்பை ஒருநாளும் விடாதீர் என்று வேண்டுகிறேன்.